ஹாலில் நடப்பவர்கள்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

போன் இருக்கும்போது இவளுக்கு என்ன வந்துச்சு, கடிதம் எழுதறாளேன்னு உறையைத் திருப்பித் திருப்பிப் பாத்திருப்பீங்க. நம்ம வீட்டு போன்ல ரகசியம் பேச முடியாது. அப்பாவுக்குக் காது மந்தமானதில இருந்து எல்லாமே ஸ்பீக்கர்லதான். உங்க செல்லுக்கு அடிச்சாலும் "யாரு, பாப்பாவா? இங்க குடு"ன்னு கையை நீட்டுவார். மெசேஜ் போட்டா அது என்ன சத்தம்னு கேட்டு வாசிக்கச் சொல்வார். அதனாலதான் உங்க பல் லேப் விலாசத்துக்கு எழுதறேன்.

சுத்தி வளைக்காம கேட்டுடறேன். அப்பாவுக்கு என்ன உடம்பு?

எப்படித் தெரியும்னு கேப்பீங்க. போன தடவை வந்தப்போ ஹால் சுவத்துல ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டிட்டு வந்தேனே, அதுல கேமராவும் கிடையாது, மைக்கும் கிடையாது. ரேடியோ அலையை அனுப்பி, ஆள் மேல பட்டுத் திரும்பி வர்றதை வாங்கும். வாங்கினதுல பெரும்பகுதியை அங்கேயே தூக்கிப் போட்டுட்டு, மிச்சத்தைக் கைப்பிடி எண்ணாச் சுருக்கி எங்களுக்கு அனுப்பும். யாராவது விழுந்தா கண்டுபிடிக்க அது போதும். அந்தச் சுருக்கறதுதான் இத்தனை வருஷமா என் வேலை. எவ்வளவு கம்மியா அனுப்பறோமோ அவ்வளவு கம்மியாத்தான் அடுத்தவனுக்குத் தெரியும்னு உங்ககிட்ட சொன்னேன். கருத்தரங்கு மேடையிலயும் சொன்னேன், கை தட்டினாங்க.

எங்க குழுவுல ஒருத்தர் இருக்கார். எதைச் சொன்னாலும் கட்டம் போட்டுக் காட்டறதால அவரைச் 'சதுரம்'னு கூப்பிடுவோம். அவர் போன வாரம், சுருக்கி வந்த எண்களை மட்டும் வெச்சு ஆளோட நடையைத் திருப்பி வரைய முடியுமான்னு ஒரு கம்ப்யூட்டர் நிரலுக்குக் கத்துக்கொடுத்துப் பாத்தார். பெட்டி மாட்டச் சம்மதிச்ச வீடுகளோட தரவுதான், பேர் விலாசம் எல்லாம் எடுத்தது. திரையில புள்ளி புள்ளியா ஆட்கள் நடந்தாங்க. அதுல ஒரு வீடு நம்ம வீடு.

அப்பாவை அடையாளம் தெரிய பேர் வேண்டாம் அண்ணி. இடது குதிகாலை முதல்ல அழுத்தி ஊன்றி, முதுகை நிமித்திப் போற அந்த டிரில் மாஸ்டர் நடையைப் பின்னாலயே ஓடித் துரத்தித்தான் நான் ஸ்கூலுக்குப் போனேன். ஆனா இப்போ வலது கால் இழுக்குது. திரும்பறதுக்குக் குட்டிக் குட்டியா நிறைய அடி வைக்கறார். ஒரு கை வீசறதே இல்லை. பழைய மாசத்துத் தரவுல இது எதுவும் இல்லை. நிரல் தானாவே நம்ம வீட்டை வேற சில வீடுகளோட ஒரு கும்பலாச் சேத்து வெச்சிருந்தது. "இந்தக் கும்பலுக்கு எல்லாம் ஒரே மாதிரி ஏதோ இருக்கு, பாருங்க"ன்னு சதுரம் சிரிச்சார். நானும் சிரிச்சுட்டு எழுந்து போய் வாஷ்ரூம்ல உட்கார்ந்துட்டேன்.

யாருகிட்டயும் சொல்லலை. தரவை வெச்சு ஆளை அடையாளம் காணக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டவ நான்.

ஞாயித்துக்கிழமை கேட்டா "கல்லு மாதிரி இருக்கேன்"ங்கறார். நீங்க தினம் பாக்கறீங்க. சொல்லுங்க.

உங்கள் பாப்பா

&nbsp;

மார்ச் 15

பாப்பா,

உன் கடிதத்தை முதலாளி கொண்டுவந்து என் மேஜையில வெச்சார். யாரோ பழைய காதலன்னு நினைச்சிருப்பார். படிக்கும்போது என் முகத்தைப் பாத்து அந்த எண்ணத்தை மாத்தியிருப்பார். கையில இருந்த மெழுகு ஆறிப்போச்சு. ஒரு கீழ்வரிசைப் பல் செட்டை முழுசா மறுபடி அடுக்க வேண்டியதாயிடுச்சு.

அன்னிக்கு ஸ்டூல் மேல நின்னு ஸ்க்ரூ திருகிக்கிட்டே நீ சொன்னது ஞாபகம் இருக்கா? "அண்ணி, இது ஊமை. விழுந்தா மட்டும்தான் கத்தும்." நான் நம்பினேன். நீ படிச்சவங்கிறதால இல்ல, இந்த வீட்டுப் பொண்ணுங்கிறதால.

மாமா என்கிட்ட ஒரு விஷயத்தை உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தார். இப்ப நீ அவருக்குத் தெரியாம என்கிட்ட கேக்கற. ஒரே வீட்ல ரெண்டு பேருக்கும் நடுவுல ரெண்டு ரகசியம் கட்டிக் காக்க என்னால ஆகாது. சாயங்காலம் வந்ததும் உன் கடிதத்தை அவர் கையிலயே குடுத்துட்டேன். கோபப்பட்டுக்கோ.

லென்ஸ் வெச்சுப் படிச்சார். மடிச்சார். "எந்த மாசத்துல இருந்து பாத்திருக்கா?"ன்னு கேட்டார். தெரியலைன்னேன். எழுந்து போய் சுவத்தடியில குனிஞ்சு ஒயரைப் பிடுங்கினார். குனியறது இப்ப அவருக்கு லேசு இல்ல. நான் பக்கத்துல போனதும் "நானே"ன்னுட்டார். அப்புறம் படுக்கப் போயிட்டார்.

காலையில, "இனிமே என்ன, சொல்லிடு"ன்னார். அதனால சொல்றேன். நடுக்குவாதம். போன மழைக்காலத்துல ஆரம்பிச்சது. பெரிய டாக்டர் பாத்து உறுதி பண்ணிட்டார். மாத்திரை போகுது. மாத்திரை வேலை செய்யற நேரம் நல்லா இருக்கார், இறங்கற நேரம் சட்டைப் பட்டன்கூட என் வேலைதான்.

ஏன் மறைச்சார்னு கேப்ப. நானும் கேட்டேன். "டாக்டருக்கு நோயாளி, தெருவுக்கு நோயாளி, உனக்கும் நோயாளி. அவ போன்ல பேசற அரைமணி நேரம்தான் நான் பழைய ஆள். அது எனக்கு வேணும்"னார். அதைத்தான் நீ பேர் எடுத்த எண்களுக்குள்ள கையை விட்டு எடுத்துட்ட.

எனக்கும் ஒண்ணு கேக்கணும். உங்க அண்ணன் நினைவு நாளன்னிக்கு, மாமா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தப்ப, நான் ஹால் தரையில படுத்திருந்தேன். விழலை. படுத்திருந்தேன், ரொம்ப நேரம். அது உன் திரையில எப்படித் தெரிஞ்சுது?

அண்ணி

&nbsp;

மார்ச் 24

அண்ணி,

ஞாயித்துக்கிழமை அப்பா போனை எடுக்கலை. "தூங்கறார்"னு நீங்க சொன்னீங்க. பின்னால அவர் இருமற சத்தம் கேட்டது. நானும் சரின்னு வெச்சுட்டேன்.

உங்க கேள்விக்குப் பதில். நான் தேடலை. தேடினா கிடைக்கும். இதைச் சொல்லாம விட்டா இன்னொரு பொய் ஆயிடும்.

எங்க தப்பு என்னன்னு இப்பதான் எனக்கே புரியுது. பெட்டி அனுப்பற எண் மூட்டையைச் சின்னதாக்கினா போதும், வேண்டாதது எல்லாம் தன்னால வெளியில போயிடும்னு நினைச்சோம். ஆனா பெட்டிகிட்ட நாங்க கேட்டது, விழப்போறவங்க யாருன்னு கண்டுபிடிக்க எது உதவுமோ அதை மட்டும் வெச்சுக்கோன்னு. விழப்போறது நடையில தெரியும். நோயும் அதே நடையில தெரியும். மத்த எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு, எதை மறைக்கணுமோ அதை மட்டும் பத்திரமா மடிச்சு அனுப்பியிருக்கு. நான் சுருக்கச் சுருக்க, ரகசியம்தான் சுத்தமா மிஞ்சியிருக்கு.

இது நம்ம வீட்டோட முடியற விஷயமா இருந்தா உங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டு விட்டுடுவேன். எங்க ஆய்வுக்கூடத் தலைவர் அடுத்த மாசம் இதை ஒரு கம்பெனிக்குக் குடுக்கப் போறார். அவங்க முதியோர் இல்லமும் நடத்தறாங்க, இன்ஷூரன்ஸும் விக்கறாங்க. ஒரே கட்டடத்துல கீழ இல்லத்து ஆபீஸ், மேல இன்ஷூரன்ஸ். டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே யாருக்கு என்ன வரப்போகுதுன்னு கீழ் மாடியில தெரிஞ்சா மேல் மாடியில என்ன நடக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

நிறுத்தணும்னா நிரூபிக்கணும். கும்பல் கும்பலாச் சேருதுன்னு காட்டினா பத்தாது, அது நோய்தான்னு காட்டணும். எனக்கு உண்மை தெரிஞ்ச வீடு ஒண்ணே ஒண்ணுதான். அப்பா சம்மதிச்சா, டாக்டர் குறிப்பும் குடுத்தா, போதும். நீங்க கேட்டுப் பாக்க முடியுமா? நான் கேட்டா அவருக்கு என்னவா இருக்கும்னு எனக்கே தெரியும்.

அப்புறம், தயவுசெஞ்சு பெட்டியை மறுபடி போட்டு விடுங்க. அந்த நடை விழற நடை. அது எனக்கு நல்லாவே தெரியும்.

பாப்பா

&nbsp;

ஏப்ரல் 2

பாப்பா,

போன்ல எல்லாத்தையும் சொல்ல முடியலை, பக்கத்துலயே படுத்திருந்தார். அதனால இது.

பாத்ரூம் போற வழியில, ஹால் திரும்பற இடத்துல விழுந்தார். சாப்பிட்டுட்டு எழுந்திருக்கார். நான் லேப்ல பிளாஸ்டர் அச்சு ஊத்திக்கிட்டிருந்தேன். நான் வீட்டுக்கு வர்ற வரைக்கும் அப்படியே கிடந்திருக்கார். கதவைத் திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "பயப்படாதே, உயிரோடதான் இருக்கேன்." தண்ணி கேட்டார். லுங்கி நனைஞ்சிருந்தது. அதை நான் மாத்தறப்ப முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டார்.

இடது தோள்பட்டை எலும்பு விரிசல். கட்டுப் போட்டு அனுப்பிட்டாங்க.

நீ போன்ல கேக்காம விட்ட கேள்விக்குப் பதில்: ஆமா, பெட்டி அணைஞ்சுதான் இருந்தது. உன் கடிதம் வந்த நாள் வரைக்கும் எரிஞ்சுக்கிட்டிருந்தது.

உன் மேல பழி போடலை. போடாம இருக்கவும் முடியலை. போட்டாத்தான் என்ன? ஒயர் என் கைக்கு எட்டற தூரத்துலதான் கிடந்தது. தினம் பாத்துக்கிட்டேதான் வேலைக்குப் போனேன்.

நீ சொன்னதை அவர்கிட்ட கேக்கலை. இப்ப கேக்கற நேரமா?

அண்ணி

&nbsp;

ஏப்ரல் 9

அண்ணி,

கிளம்பி வர்றேன்னு சொன்னதுக்கு அப்பா என்ன பதில் சொன்னார்னு நீங்களும் பக்கத்துல இருந்து கேட்டீங்க. "வேலையை விட்டுட்டு வந்தா கதவைத் திறக்க மாட்டேன்." சொல்லிட்டு உங்க கையில போனைக் குடுத்துட்டார். நானும் கிளம்பலை. அவர் சொன்னதுக்காகன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கறேன். அவர் முகத்தைப் பாக்கப் பயமா இருக்குங்கறதுதான் நிஜம்.

அவர் கேக்காமலே நான் ஒண்ணு பண்ணினேன். பெட்டி அனுப்பற எண்கள்ல வேணும்னே இரைச்சலை, அதாவது அர்த்தமில்லாத எண்களை, கலந்தேன், நோய் தெரியாத அளவுக்கு. நோய் மறைஞ்சுது. ஆனா நாலு விழுகையில ஒண்ணு பெட்டிக்குத் தெரியாமத் தப்பிடுது. இரைச்சலைக் குறைச்சா விழுகை எல்லாம் கிடைக்குது, நோயும் கூடவே வந்து நிக்குது. நடுவுல ஒரு திருகுதான் இருக்கு. அதை எந்த இடத்துல நிறுத்தறதுன்னு நான்தான் எழுதிக் குடுக்கணும். எத்தனை பேர் ஹால் திருப்பத்துல சாயங்காலம் வரைக்கும் கிடக்கலாம், எத்தனை பேரோட நோய் வெளியில போகலாம். இதை நான் ஒரு நாற்காலியில உட்கார்ந்து முடிவு பண்ணணும். போன மாசம்னா ஒரு வரைபடம் போட்டுக் குடுத்திருப்பேன். இப்ப அந்தத் திருகைத் தொட்டாலே நனைஞ்ச லுங்கிதான் ஞாபகத்துக்கு வருது.

தலைவர்கிட்டயும் போனேன். எந்த வீடுன்னு சொல்லாம, நோய் கசியுதுன்னு நினைக்கிறேன்னேன். பொறுமையா எல்லாத்தையும் கேட்டார். அவர் கெட்டவர் இல்ல அண்ணி, அவரோட அம்மாவும் இப்படித்தான் தனியா விழுந்து செத்தாங்க. அதனாலதான் இந்த அவசரம். "நீங்க நினைக்கறது ஒரு முடிவு ஆகாது. விழறவங்க இன்னிக்கும் விழறாங்க"ன்னார். நான் எழுந்து வந்துட்டேன். சதுரம் வெளியில வந்து, "வீட்ல ஏதாவது பிரச்சினையா?"ன்னு கேட்டார். இல்லைன்னேன்.

நான் கேட்டதை மறந்துடுங்க. அப்பா கையில எதையும் நீட்ட வேண்டாம்.

பாப்பா

&nbsp;

ஏப்ரல் 21

பாப்பா,

மறந்துடுங்கன்னு எழுதி அனுப்பினா மறந்துட முடியுமா? கேட்டுட்டேன்.

தோள்கட்டைச் சரி பண்ணிக்கிட்டிருந்தப்ப கேட்டேன். உன் ரெண்டு கடிதத்தையும் படிச்சுக் காட்டினேன். இன்ஷூரன்ஸ் மாடி கதையைக் கேட்டதும் ஒரு சிரிப்பு சிரிச்சார். அப்புறம் நான் சோறு பிசைஞ்சு குடுத்ததைச் சாப்பிட்டு முடிச்சார். கை கழுவிட்டுத்தான் கேட்டார்.

"இதை அவ ஏன் என்கிட்ட கேக்கலை?"

"பயப்படறா மாமா."

"பாக்கும்போது பயம் இல்ல, கேக்கும்போதுதான் வந்துச்சாமா?"

காகிதம் கொண்டு வான்னார். அவரே எழுதினார். எழுதி முடிக்க வெகுநேரம் ஆச்சு. கூட வெச்சிருக்கேன், பாரு. வரி ஆரம்பிக்கறப்ப எழுத்து பெருசா இருக்கும், போகப் போகச் சின்னதாகி, கடைசியில எறும்பு ஊர்ந்த மாதிரி ஆயிடும். அதுவும் இந்த நோயாலதானாம், டாக்டர் சொன்னார். உன்னால படிக்க முடியலைன்னா நான் எழுதறேன்: "சம்மதம். டாக்டர் குறிப்பு இணைத்துள்ளேன். என் பெயரைப் போட்டே எழுது. நான் சொன்னால் அது சேதி. எனக்குத் தெரியாமல் நீ பார்த்தால் அது வேவு." கீழ கையெழுத்து. மாத்திரை இறங்கின நேரம், அதனால ரெண்டு தடவை போட்டிருக்கார்.

அவர் பாடு முடிஞ்சுது. இப்ப என் பாடு.

நான் சம்மதிக்கலை, பாப்பா.

அந்த ஹால்ல நானும் நடக்கறேன். மாமாகிட்ட கையெழுத்து வாங்கின, டாக்டர்கிட்ட வாங்கச் சொன்ன. பெட்டியை மாட்டின அன்னிக்கு எனக்கு ஒரு காகிதம் நீட்டினியா? டீ போட்டுக் குடுங்க அண்ணின்னு சொன்ன. எதிர்ல நின்னு ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டிருந்தவ நான். நான் தரையில படுத்திருந்ததை நீ தேடலைங்கற. சதுரம் தேடலைன்னு உன்னால சொல்ல முடியுமா? அந்தக் கம்பெனிக்காரன்? உங்க அண்ணன் போனப்புறம் எனக்குன்னு இருக்கறது அந்த வீடு காலியா இருக்கற கொஞ்ச நேரம்தான். அதை யாருக்கும் குடுக்க மாட்டேன். உன் ஆராய்ச்சி நின்னு போனாலும் சரி. ஊர்ல இருக்கற முதியவங்களுக்காகன்னு நீ சொன்னாலும் சரி. நான் கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன்.

கோபத்துல எழுதறேன்னு நினைக்காதே. ரெண்டு நாள் வெச்சிருந்து, திரும்பப் படிச்சுப் பாத்துட்டுத்தான் தபால்ல சேக்கறேன்.

அண்ணி

&nbsp;

மே 6

அன்புள்ள அண்ணிக்கு,

உங்க கடிதம் வந்த அன்னிக்கு முதல்ல எனக்குக் கோபம்தான் வந்துச்சு. அப்பாவே சரின்னுட்டார், இவங்களுக்கு என்னன்னு. அந்த நினைப்பு வந்ததும்தான் உறைச்சுது. பெட்டி மாட்டச் சம்மதம் வாங்கற எங்க காகிதத்துல 'வீட்டில் உள்ளவர்' அப்படின்னு ஒருமையிலதான் இருக்கு. அதை எழுதினதும் நான்தான்.

உங்க அடிகளை மட்டும் தனியாப் பிரிச்சு எடுத்துட முடியுமான்னு பாத்தேன். முடியாது. சுருக்கும்போதே ரெண்டு பேரும் ஒண்ணாக் கலந்துடறீங்க, உப்பும் தண்ணியும் மாதிரி. அதனால நீங்க வீட்ல இருந்த நேரம் முழுக்க அழிச்சேன். காலையில, சாயங்காலம், லீவு நாள், எல்லாம். அந்த நினைவு நாளையும் திறந்து பாக்காமலே அழிச்சேன். என்கிட்ட, சதுரத்துகிட்ட, சேமிச்சு வெச்ச நகல்ல, எதுலயும் இப்ப இல்லை. அவர் முன்னாடியே நின்னு அழிக்க வெச்சேன். "ஏன்?"னார். "அங்க இன்னொருத்தர் இருக்காங்க, அவங்க வேண்டாம்னுட்டாங்க"ன்னேன்.

மிச்சம் இருந்தது நீங்க லேப்ல இருக்கற நேரம் மட்டும். அப்பா தனியா இருக்கற நேரம்.

அதை நான் முழுசாப் பாத்தேன் அண்ணி. இந்தத் தடவை கேட்டுட்டு. போன்ல, ஸ்பீக்கர்ல, நீங்களும் இருந்தப்பவே கேட்டேனே, "பாத்துக்கோ"ன்னார். நாற்காலியில இருந்து எழுந்திருக்க அவர் முன்னும் பின்னும் ஆடி ஆடிப் பாக்கறார். எழுந்ததும் ஜன்னலுக்குப் போறார். திரும்ப வந்து உட்கார்றார். மறுபடி எழுந்து கதவு வரைக்கும் போறார். நாள் பூரா அவ்வளவுதான். சில நாள் ஹால் நடுவுல கால் ஒட்டிக்கிட்ட மாதிரி அப்படியே நின்னுடறார். யாரும் இல்லாத வீட்ல, பிடிச்சுக்க எதுவும் இல்லாம, அது விடற வரைக்கும் நிக்கறார். நோயைப் பத்தித்தான் நான் உங்ககிட்ட சண்டை போட்டுக்கிட்டிருந்தேன். இவ்வளவு நேரம் அவர் தனியா இருக்கார்ங்கறது எனக்கு உறைக்கவே இல்லை. நீங்க அங்க இருக்கீங்கன்னு நான் இங்க நிம்மதியா இருந்தேன். உங்களுக்கும் ஒரு வேலை இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே.

கம்பெனிக்குக் குடுக்கறதைப் பத்தின கூட்டம் நேத்து நடந்தது. அந்த மிச்சத்தை வெச்சே காட்டினேன். போதுமா இருந்தது. ஒரு பக்கம் பழைய மாசத்து நடை, ஒரு பக்கம் புதுசு, கீழ டாக்டர் குறிப்பு, தேதியோட. டாக்டர் கண்டுபிடிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே எண்கள்ல அது இருந்தது. தலைவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "இவர் உங்களுக்குத் தெரிஞ்சவரா?"ன்னு கேட்டார்.

"எங்க அப்பா. அவர் சம்மதத்தோடதான் காட்டறேன். ஆனா சம்மதம் வாங்கறதுக்கு முன்னாடியே அடையாளம் கண்டுபிடிச்சுட்டேன்."

அதுக்கு ஒரு விதி இருக்குன்னு உங்களுக்கு எழுதியிருந்தேனே. அந்த விதிப்படி என்னை இந்த வேலையில இருந்து எடுத்துட்டாங்க. நியாயம்தான். கம்பெனிக்குக் குடுக்கறதைத் தள்ளி வெச்சிருக்காங்க. நிறுத்தலை. இனி அந்தத் திருகு வேற யார் கைக்கோ போகும். அவங்க அப்பா அம்மா எங்க இருக்காங்களோ, எனக்குத் தெரியாது. சம்மதக் காகிதத்துல 'வீட்டில் உள்ளவர்கள்'னு மாத்த மட்டும் ஒத்துக்கிட்டாங்க. என் பேர்ல நடந்த கடைசி வேலை அதுதான். அறிக்கையில அப்பா பேரைப் போட விதி விடாதாம். அவர்கிட்ட சொன்னேன். "நல்ல விதி"ன்னு மட்டும் சொன்னார். பாராட்டா திட்டான்னு தெரியலை.

நான் வர்றேன். லீவு இருக்கு, நிறையவே இருக்கு இப்ப. இந்தத் தடவை கதவைத் திறப்பீங்களான்னு அவரையே கேட்டேன். "நான் எழுந்து வர்றதுக்குள்ள நீ திரும்பிப் போயிடாம இருந்தா திறப்பேன்"னார். பொறுமையா நிப்பேன்னேன்.

பெட்டி சுவத்துல இருக்கறதா, கழட்டறதா, எரியறதா, அணையறதா, நான் ஒண்ணும் சொல்லப்போறது இல்லை. நீங்களும் அப்பாவும் பேசி வையுங்க. ரெண்டு பேரும் வேற வேற சொன்னா அதுக்கும் சரி, உட்கார்ந்து பேசுவோம். ஸ்க்ரூ டிரைவரை என் துணிப் பெட்டியில எடுத்து வெச்சுட்டேன்.

உங்கள் பாப்பா